நன்றியுரையில் பெயர் இல்லாதவர்கள்

குடும்பத்துக்குள் நடந்த ஒரு கொலையைப் பற்றிய புத்தகம் கைக்கு வந்தால் நான் முதல் அத்தியாயத்துக்குப் போவதில்லை. நன்றியுரைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். ஆசிரியரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசியவர் யார், கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டியவர் யார், கேஸ் கட்டை அவிழ்த்துக் கொடுத்த வழக்கறிஞர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு புத்தகத்தைப் படித்தால், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் கதைக்குள் மனசாட்சி உள்ளவர்களாகவும், எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் உள்ளவர்களாகவும் வருவார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் 'வேலைக்காரன்', 'சித்தி', 'பக்கத்து வீட்டுக்காரி' என்று வந்துவிட்டுப் போவார்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை மிகக் குறைவு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல காலம் இருந்துவிட்டு இப்போது புதுச்சேரியில் மகனோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதி நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் உண்மைக் குற்றக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. செஷன்ஸ் வழக்குக் கட்டுகளை நகல் எடுத்தும் அடுக்கியும் பழகிய ஒருவன் அவற்றைப் படிக்கும்போது, எந்த வரி சாட்சிக் கூண்டிலிருந்து வந்தது, எந்த வரி ஆசிரியரின் மேசையிலிருந்து வந்தது என்பது ஓரளவுக்குப் புலப்பட்டுவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் தோன்றியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கூலிப்படைக் கொலையிலோ கொள்ளைக்காகச் செய்த கொலையிலோ இறந்தவர் தரப்பு, எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு என்று இரண்டு தரப்புகள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். குடும்பக் கொலையில் அப்படி இல்லை. இறந்தவருக்காக மாரடித்து அழுகிறவரும், எதிரிக்காக ஜாமீன்தாரரைத் தேடி அலைகிறவரும் ஒரே ஆளாக இருக்கலாம். மருமகளைக் கொன்றதாக மகன் கூண்டில் நிற்கும்போது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் கிழவி எந்தத் தரப்பு? தீர்ப்பு எப்படி வருகிறது என்பதைப் பொறுத்துப் பிள்ளை யாரிடம் வளரும், நகை யாருக்குப் போகும், கடைசித் தங்கைக்கு வரன் அமையுமா என்பதெல்லாம் மாறும். ஆகவே எழுத்தாளருக்குக் கதவைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு அந்தக் கதை எப்படி முடிய வேண்டும் என்ற விருப்பம் ஒன்று இருக்கும். நான் படித்த மட்டில், இந்தப் புத்தகங்களின் ஒருதலைப்பட்சம் ஆசிரியரின் வெறுப்பிலிருந்து வருவதில்லை. எந்த வாசல் திறந்தது என்பதிலிருந்துதான் வருகிறது.

இதற்கு ஜெஃப்ரி மெக்டொனால்ட் வழக்கை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1970 பிப்ரவரி 17 அதிகாலையில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஃபோர்ட் பிராக் ராணுவக் குடியிருப்பில், அந்த ராணுவ மருத்துவரின் கர்ப்பிணி மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். ஹிப்பிக் கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்து கொன்றதாக அவர் சொன்னார். ராணுவத்தின் விசாரணை அந்த ஆண்டே அவர் மீதான குற்றச்சாட்டைக் கைவிட்டது. 1979-இல் பொது நீதிமன்ற ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அந்த விசாரணை நடந்த நாட்களில் ஜோ மெக்கினிஸ் என்ற எழுத்தாளர் மெக்டொனால்டின் வழக்கறிஞர் குழுவோடு ஒரே இடத்தில் தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்களுடைய ஆலோசனைகளில் கூட இருந்தார். புத்தக வருமானத்தில் மெக்டொனால்டுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் இருந்தது. தண்டனைக்குப் பிறகும் மெக்கினிஸ் சிறைக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1983-இல் வெளிவந்த 'ஃபேட்டல் விஷன்' புத்தகமோ மெக்டொனால்டை இரக்கமற்ற கொலைகாரராகக் காட்டியது. சிறையிலிருந்தே அவர் வழக்குப் போட்டார். 1987-இல் நடந்த அந்த உரிமையியல் விசாரணையில், மூன்று கொலைகளுக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவரின் பக்கம் ஆறு ஜூரர்களில் ஐவர் நின்றார்கள். ஒருமித்த முடிவு வராததால் வழக்கு 3,25,000 டாலர் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது.

இந்த விவகாரத்தை வைத்து ஜேனட் மால்கம் எழுதிய புத்தகம் பத்திரிகையாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. எல்லோரும் கடிதங்களில் இருந்த பாசாங்கைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. ஒரு மனிதர் தன் மனைவியையும் குழந்தைகளையும் ஏன் கொன்றார் என்பதற்கு விசாரணையில் தீர்மானமான பதில் கிடைக்கவில்லை. சட்டத்துக்கு அது அவசியமும் இல்லை; தடயங்கள் போதுமானவையாக இருந்தால் நோக்கம் நிரூபிக்கப்படாமலே தண்டனை கொடுக்கலாம். புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது. அறுநூறு பக்கம் படித்த வாசகர் 'ஏன்' என்று கேட்பார். ஆகவே உடல் இளைக்க அவர் உண்ட மாத்திரைகள் அவரை வெறிகொள்ளச் செய்திருக்கலாம் என்று மெக்கினிஸ் ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தார். நீதிமன்றம் நிறுவாத காரணம் அது. குடும்பக் கொலைப் புத்தகங்களில் ஆசிரியரின் சாய்வு பெரும்பாலும் நுழையும் இடம் இந்த 'ஏன்' என்பதுதான். 'எப்படி' என்பதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை காவல் நிற்கிறது, 'ஏன்' என்பதற்கு எந்தக் காவலும் இல்லை.

இதே வழக்கில் நான் மதிக்கும் ஒருவர் உண்டு. அவர் எழுத்தாளர் அல்லர். இறந்த பெண்ணின் வளர்ப்புத் தந்தை. ஆரம்பத்தில் மருமகன் நிரபராதி என்று உறுதியாக நம்பி அவருக்காகப் பேசியவர், ராணுவ விசாரணையின் முழுப் பதிவும் கைக்கு வந்ததும் அதை வரி வரியாகப் படித்தார். மருமகன் சொன்னதும் வீட்டில் கிடந்த தடயங்களும் பொருந்தவில்லை என்று கண்டார். அதற்குப் பிறகு வழக்கு மீண்டும் எடுக்கப்படும் வரை அவர் ஓயவில்லை. 1970-இல் அவரைப் பேட்டி கண்டு எழுதியிருந்தால் ஒரு புத்தகம், சில ஆண்டுகள் கழித்துக் கண்டிருந்தால் அதற்கு நேர் எதிரான புத்தகம். இரண்டிலும் 'குடும்பத்தாரே சொல்கிறார்கள்' என்ற முத்திரை இருந்திருக்கும். 2012-இல் எரால் மாரிஸ் மெக்டொனால்டின் பக்கம் நின்று இன்னொரு பெரிய புத்தகம் எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

தீர்ப்பு வந்த பிறகும் புத்தகங்கள் ஓயாத வழக்குகளில் மூத்தது லிஸ்ஸி போர்டனுடையது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவரில் 1892 ஆகஸ்ட் 4 அன்று அவருடைய தந்தையும் மாற்றாந்தாயும் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1893 ஜூனில் ஜூரி லிஸ்ஸியை விடுவித்தது. தாய்க்கு நாற்பது வெட்டு, தந்தைக்கு நாற்பத்தொன்று என்று பிள்ளைகள் பாடும் பாட்டு இன்றும் இருக்கிறது. இரண்டு உடல்களிலும் இருந்த வெட்டுகளைக் கூட்டினாலும் முப்பதை ஒட்டித்தான் வரும். இறந்தவர் தாயும் அல்லர். எட்மண்ட் பியர்சன் 1920-களில் லிஸ்ஸிதான் கொன்றார் என்ற தொனியில் எழுதினார். 1961-இல் எட்வர்ட் ராடின் வந்து, லிஸ்ஸிக்குச் சாதகமான சாட்சியங்களைப் பியர்சன் விட்டுவிட்டார் என்று பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் அது நியாயமான வேலை. ஆனால் லிஸ்ஸி இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தலைப்பட்டு, வீட்டு வேலைக்காரியான ஐரிஷ் பெண்ணைக் கைகாட்டினார். போர்டன் சகோதரிகள் அந்தப் பெண்ணை அவளுக்கு முன்பு வேலையில் இருந்தவளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது சொந்தப் பெயர்கூடக் கிடைக்காதவளுக்கு, செத்த பிறகு கொலைப்பழி கிடைத்தது.

ஒருவரை விடுவிக்க இன்னொருவரைக் கூண்டில் ஏற்றும் இந்த வேலை, நம் நாட்டு வழக்கு ஒன்றைப் பற்றிய எழுத்துகளிலும் நடந்தது. 2008 மே 16 காலையில் நொய்டாவில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஆருஷி படுக்கையறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். அந்த வீட்டில் வேலை செய்த ஹேம்ராஜ் என்ற நேபாளத்துக்காரரைக் காணவில்லை. உடனே அவர்தான் கொலையாளி என்று போலீஸ் தீர்மானித்து, துப்புக் கொடுப்பவருக்கு 20,000 ரூபாய் பரிசு அறிவித்தது. மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில், பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால், அவருடைய உடல் கிடைத்தது. ஒரு நாள் முழுக்க, செத்துக் கிடந்தவரைத்தான் நாடு தேடிக்கொண்டிருந்தது. சில நாட்களில் பெற்றோர் மீது பழி திரும்பியது. உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இறந்த சிறுமியின் நடத்தையைப் பற்றிப் பேசினார், அவளுடைய பெயரையே தவறாகச் சொன்னார். 2013 நவம்பரில் காசியாபாத் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இடையில், மேல்முறையீடு நிலுவையில் இருந்த 2015-இல், அவிரூக் சென் எழுதிய புத்தகம் வந்தது. விசாரணையின் ஓட்டைகளை அது அடுக்கிய விதத்தை எந்த வக்கீல் குமாஸ்தாவும் மெச்சுவான். உயர் நீதிமன்றம் பிறகு விடுதலை செய்ததால் புத்தகம் சொன்னது சரியாகிவிட்டது என்று பலர் எழுதினார்கள். முடிவு சரியாக இருப்பதும் எழுத்து நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஆருஷியின் பெயர் மட்டும் இருக்கிறது; கொல்லப்பட்டவர்கள் இருவர். நாளிதழ்களும் அதை 'ஆருஷி வழக்கு' என்றுதான் எழுதின, நானும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறேன். அது பழக்கம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. 2008-இல் அந்தக் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வேலை செய்த மூன்று இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள்; அவர்களுக்கு உண்மை கண்டறியும் ஊசி போடப்பட்டது; அவர்கள் மயக்கத்தில் பேசியதெல்லாம் தொலைக்காட்சிக்குக் கசிந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை, மூவரும் வெளியே வந்தார்கள். சம்மதமில்லாமல் அந்த ஊசியைப் போடுவது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் பெற்றோர் நிரபராதிகள் என்று எழுதியவர்கள் பலர், அந்த மூவர் பக்கம் விரலை நீட்டித்தான் தங்கள் வாதத்தை முடித்தார்கள்.

பெற்றோருக்கு நான்கு ஆண்டுச் சிறைக்குப் பின்னாவது 'விடுதலை' என்று எழுதிய ஒரு தாள் இருக்கிறது. அந்த மூவருக்கு அதுவும் இல்லை. விசாரணையே நடக்காதவனுக்கு விடுதலைத் தீர்ப்பு எங்கிருந்து வரும்? மானநஷ்ட வழக்குப் போட வசதியும் இல்லை, பேட்டி கொடுக்க ஆங்கிலமும் இல்லை. பல் மருத்துவர்களான அந்தப் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பேச எழுத்தாளருக்கு மொழி இருந்தது, நேரம் இருந்தது. ஊர் திரும்பிப்போன ஒரு வேலைக்கார இளைஞனைத் தேடிப் போவது அதைவிடப் பல மடங்கு சிரமம். சாய்வு என்பது பெரும்பாலும் இந்தச் சிரமத்தைப் படாமல் விட்டதுதான்.

தமிழில் இந்த வகை எழுத்து வாரப் பத்திரிகைத் தொடர்களில் வளர்ந்தது. 1952-இல் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலையை எத்தனை முறை எழுதியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. ரயிலில் டிரங்குப் பெட்டியில் போன முண்டமும், ராயபுரம் கடற்கரையில் கிடைத்த தலையும் ஒவ்வொரு முறையும் விலாவாரியாக வரும். கொல்லப்பட்டவர் ஒரு பெண்பித்தர் என்பதும் தவறாமல் வரும். விசாரித்த நீதிபதி பஞ்சாபகேச அய்யருக்கே அந்த மனிதர் மீது அனுதாபம் இருக்கவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பிரபாகர மேனனுக்கு ஏழு ஆண்டு, அவர் மனைவி தேவகிக்கு மூன்று ஆண்டு என்று தண்டனை இலகுவாகவே முடிந்தது. நீதிபதியின் பார்வையே அடுத்து எழுதிய அத்தனை பேருக்கும் பார்வையாகிவிட்டது. கொல்லப்பட்டவருக்கும் ஒரு வீடு இருந்தது என்பது அந்தத் தொடர்களில் அநேகமாக வருவதே இல்லை. இப்போதைய நாளிதழ்களில் 'கள்ளக்காதல் விபரீதம்' என்று நான்கு பத்தியில் தலைப்புப் போட்டுவிட்டால், உள்ளே செய்தியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது தீர்ந்துவிடுகிறது.

இந்தத் தொடர்களின் மூலப்பொருள் பெரும்பாலும் போலீஸ் காவலில் எதிரி கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது 23-ஆவது பிரிவாக இருக்கிறது. ஒரு பொருள் கண்டெடுக்கப்படுவதற்கு இட்டுச்சென்ற பகுதியை மட்டும் ஏற்கலாம். அரிவாளைப் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்ற வரி நீதிமன்றத்துக்குள் வரும். 'அவளை அந்தக் கோலத்தில் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது' என்ற வரி வாசலோடு நின்றுவிடும். பத்திரிகைத் தொடரில் இரண்டாவது வரிதான் கொட்டை எழுத்தில் வரும். நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டம் நம்ப மறுத்த ஒன்றை வாசகர் ஒரே மூச்சில் நம்பிவிடுகிறார்.

நம்பத் தகுந்த ஆவணங்களிலும் எழுத்தாளரின் கை நுழையும் விதத்தை ஒரு முறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு வழக்கில், சம்பவ வீட்டைப் பற்றிய பார்வை மகஜரில் (போலீஸ் நேரில் பார்த்து எழுதும் குறிப்பில்) சமையலறையில் இருந்தவற்றை வரிசையாக எழுதியிருந்தார்கள்: அலுமினியக் குண்டான் ஒன்று, அதில் ஊறிய அரிசி, அம்மிக்கல்லின் மேல் அரைத்தும் அரைக்காமலும் இருந்த தேங்காய், மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. அவ்வளவுதான். பிறகு அந்த வழக்கைப் பற்றி வந்த தொடரில், 'மாமியார் சொன்ன சுடுசொல் தாங்காமல், அரைத்த தேங்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்' என்று இருந்தது. சுடுசொல்லை யாரும் கேட்கவில்லை. மாமியார் அந்த வழக்கில் எதிரியும் இல்லை, சாட்சியும் இல்லை; அவர் ஒருவர் இருந்தார் என்பதே ரேஷன் கார்டு நகலைப் பார்த்தால்தான் தெரியும். பாதி அரைத்த தேங்காய்க்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மாமியார் கிடைத்தார்.

இந்தக் கலைக்கு உலகறிந்த முன்னோடி ட்ரூமன் கபோட்டி. கன்சாஸ் மாநிலத்தில் 1959-இல் கிளட்டர் குடும்பத்தார் நால்வர் அந்நியர் இருவரால் கொல்லப்பட்டதைப் பற்றிய அவருடைய 'இன் கோல்ட் பிளட்' கல்லறைத் தோட்டத்தில் ஒரு சந்திப்போடு முடிகிறது. அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது, கொலையாளிகளில் ஒருவரோடு அவர் நெருங்கிப் பழகி அவருடைய பால்யத்தை அத்தனை நுணுக்கமாக எழுதியதும், கொல்லப்பட்ட தாயை நோயாளியாகவே சித்திரித்ததில் உயிரோடு இருந்த உறவினர்களுக்குத் தீராத மனக்குறை இருந்ததும்தான். கொலையாளி பேசினார், தாய் பேசவில்லை.

செத்த வீட்டில் அழாத பெண்ணை நம் ஊர் மன்னிப்பதில்லை. ஒப்பாரிக்கு நடுவில் காபி கேட்ட கணவனைப் பற்றிப் பதினாறாம் நாள் வரை பேசுவார்கள். வழக்கு என்று வந்தால் அதே பேச்சு சாட்சியமாகப் போலீஸ் டைரியில் ஏறும். இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. ஆஸ்திரேலியாவில் 1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறைக்கு அருகே போட்ட கூடாரத்திலிருந்து அசேரியா என்ற ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப்போனதாகத் தாய் லிண்டி சேம்பர்லைன் சொன்னார். தொலைக்காட்சியில் அவர் அழவில்லை. அவருடைய மதப்பிரிவைப் பற்றிப் புரளிகள் கிளம்பின. குழந்தையின் பெயருக்கே பலி என்று பொருள் என்று கதை கட்டினார்கள். 1982-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. காரில் இருந்தது சிசுவின் ரத்தம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அது கார் தயாரிப்பில் ஒலியை அடக்கத் தெளிக்கும் பூச்சு என்று பிறகு தெரிந்தது. 1986-இல் குழந்தையின் மேல்சட்டை நாய்களின் வளைக்கருகே கிடைத்த பிறகு விடுவிக்கப்பட்டார், 1988-இல் தண்டனை ரத்தானது, 2012-இல்தான் இறப்புக்குக் காரணம் நாய் என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது.

ஜான் பிரைசன் என்ற வழக்கறிஞர் எழுதிய 'ஈவில் ஏஞ்சல்ஸ்' 1985-இல், லிண்டி சிறையில் இருந்தபோதே வந்தது. சட்டை இன்னும் கிடைக்காத காலம்; நாட்டில் பெரும்பாலோர் அவரைக் கொலைகாரி என்று நம்பிய காலம். பிரைசனுக்கு ஒரு பக்கம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அரசுத் தரப்பு நிபுணர்கள் சொன்னதை அவர் சுருக்கவில்லை. அவர்களை முட்டாள்களாகவோ வஞ்சகர்களாகவோ ஆக்கவும் இல்லை. ஒரு புரளி எந்த வாயிலிருந்து எந்த வாய்க்குப் போய் எந்தக் கட்டத்தில் 'தகவல்' ஆனது என்பதைப் பொறுமையாகத் தொடர்ந்தார். லிண்டி இல்லையென்றால் யார் என்ற கேள்விக்கு இன்னொரு மனிதரைப் பலி கொடுக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை என்பது அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். இருந்தாலும் நடுநிலை என்பதற்கு நான் உதாரணம் காட்டக்கூடிய புத்தகங்களில் அதுவே முதலாவது. பக்கம் எடுக்காமல் இருப்பது நடுநிலை என்று நான் நினைக்கவில்லை; எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை அதன் வலுவோடு எழுதிக் காட்டுவதே நடுநிலை.

எங்கள் மாவட்டத்து வழக்கு ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன் என்ற தலித் இளைஞரும் கண்ணகி என்ற வன்னியர் பெண்ணும் 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவரையும் பிடித்துவந்து, காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். புகாரை வாங்கவே மறுத்த உள்ளூர்ப் போலீஸ், பிறகு வழக்கு எடுத்தபோது இரு குடும்பத்தாரும் தத்தம் பிள்ளையைக் கொன்றதுபோல ஜோடித்து, முருகேசன் தரப்பிலும் நால்வரை எதிரிகளாக்கியது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சிபிஐக்குப் போனது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, தந்தைக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள். தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ் அதிகாரிகள் இருவர். உயர் நீதிமன்றம் 2022-இல் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது.

2003-இன் கடைசியில் ஒருவர் இந்த வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுத வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையில் போலீசின் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, இரு தரப்பிலும் எதிரிகள். 'இரண்டு பக்கமும் தவறு' என்று சமன் செய்து எழுதியிருப்பார்; படித்தவர்கள் அதை நடுநிலையான புத்தகம் என்று பாராட்டியும் இருப்பார்கள். ஆவணத்தை மட்டும் நம்பி எழுதுவது பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் பார்க்க வேண்டும். பல சாட்சிகள் பிறழ்ந்தார்கள். இறுதிவரை நின்று, உச்ச நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டவற்றுள் முக்கியமானது முருகேசனின் சிற்றன்னையின் சாட்சியம். நம் கதைகளில் சித்திக்கு எந்த வேடம் கொடுக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது எழுத வருகிறவருக்கு முருகேசனைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. அவருடைய குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்தது. வேதிப் பொறியியல் படித்த பிள்ளை எப்படிப்பட்டவன் என்று சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். கண்ணகியைப் பற்றிச் சொல்லக்கூடிய வீட்டார் தண்டனை பெற்றவர்கள், அல்லது அவர்களுக்கு வேண்டியவர்கள். அவள் என்ன படிக்க விரும்பினாள், யாரோடு சண்டை போட்டாள், திருமணத்தை மறைத்து வாழ்ந்த இரண்டு மாதங்களும் அந்த வீட்டில் எப்படி நடமாடினாள் என்பதையெல்லாம் அறிய அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும்.

முத்தியால்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கொன்றவன் வீட்டில் போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தால் அவனுக்கு வெள்ளையடித்தது போலத்தானே ஆகும் அண்ணே?" என்று கேட்டார். மெக்கினிஸ் கதையைச் சொல்லி, போவது வேறு, போன இடத்தில் பொய் சொல்வது வேறு என்றேன். அவருக்கு அது போதவில்லை. தண்டிக்கப்பட்டவர்கள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லவில்லை. இன்னார் இன்ன உறவு, இன்ன நாளில் இன்ன சொன்னார், சாட்சியத்தில் அது இப்படி மறுக்கப்பட்டிருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதினால் போதும் என்பது என் நிலை. அந்த வாசலுக்குப் போகாமல் எழுதினால் கண்ணகி தன் கதையிலேயே முருகேசனின் மனைவியாக மட்டும்தான் வருவாள். நண்பர் இன்னும் தன் கட்சியில்தான் இருக்கிறார்.